ஊசி சொல்லும் சரித்திரம்

பொழுதுபோக்குகளில் பல வகை உண்டு. சிலர் தபால் தலை சேர்க்கிறார்கள். சிலர் ரோஜாச் செடி வளர்க்கிறார்கள். சிலர் திண்ணையில் சாய்ந்தபடியே உலக விவகாரங்கள் அனைத்தையும் தீர்த்து வைக்கிறார்கள். இவர்களையெல்லாம் யாரும் காரணம் கேட்பதில்லை. ஆனால், இருநூற்றைம்பது வருஷங்களுக்கு முன் வழக்கொழிந்துபோன ஓர் உடையை, தையல் இயந்திரத்தைத் தொடாமல், ஊசியும் நூலும் கொண்டே மாதக்கணக்கில் தைத்து முடிப்பதுதான் எங்கள் பொழுதுபோக்கு என்று ஒருவர் சொன்னால், "இது என்ன வேண்டாத வேலை?" என்று கேட்கத்தான் தோன்றும்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் இந்த வேண்டாத வேலையை மிகுந்த சிரத்தையோடு செய்துவரும் ஸ்திரீ புருஷர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தையற்காரர்கள் அல்லர். பகலில் ஆபீஸுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய் உழைத்துவிட்டு, இரவில் விளக்கடியில் அமர்ந்து, 18-ஆம் நூற்றாண்டுச் சீமாட்டியின் கவுனையோ, தச்சரின் சட்டையையோ, பால்காரியின் பாவாடையையோ தைக்கிறவர்கள். தைத்து முடித்ததை அணிந்துகொண்டு பழைய மாளிகைகளிலும் சரித்திர விழாக்களிலும் ஒன்று கூடுவார்கள். பார்ப்பவர்களுக்கு அது வேஷம்போலத் தோன்றலாம். ஆனால் விஷயம் அவ்வளவு லேசானதல்ல.

நாடக மேடைக்குத் தைக்கும் உடை, பத்தடி தூரத்தில் பார்க்க நன்றாக இருந்தால் போதும். உள்ளே பசை போட்டு ஒட்டினாலும் கேட்பாரில்லை. இவர்களுடைய கொள்கையோ நேர் எதிரானது. வெளியே தெரிவது எப்படியோ, அப்படியே உள்ளே மறைவதும் இருக்க வேண்டும். அக்காலத்துத் துணி, அக்காலத்து நூல், அக்காலத்துத் தையல், அக்காலத்து வெட்டு என்பதே அவர்கள் விரதம். இந்த விரதத்தால் அவர்கள் கண்டெடுத்த உண்மைகள் சில, சரித்திரப் புஸ்தகங்களில் அகப்படாதவை. பள்ளிக்கூடத்தில் வருஷாவருஷம் யுத்தங்களையும் உடன்படிக்கைகளையும் மனப்பாடம் செய்விக்கிற என்போன்றவர்கள் இதைக் கொஞ்சம் கவனிப்பது நல்லது.

இயந்திரத்துக்கு முந்திய நூற்றாண்டு

எத்தனையோ நூற்றாண்டுகள் இருக்க, 18-ஆம் நூற்றாண்டின்மேல் இவர்களுக்கு ஏன் இவ்வளவு மோகம்? ஒரு காரணம் எளிது. அக்காலத்து உடைகள் பல இன்னும் காட்சிசாலைகளில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றைத் தொட்டும் அளந்தும் பார்க்க முடிகிறது. மற்றொரு காரணம், முழுதும் கையாலேயே தைத்த கடைசி நூற்றாண்டு அதுவே. பிரான்ஸில் திமோனியே என்பவர் தமது தையல் இயந்திரத்துக்கு உரிமை பெற்றது 1830-இல். தங்கள் பிழைப்பில் மண் விழுந்துவிடும் என்று அஞ்சிய பாரிஸ் தையற்காரர்கள், அடுத்த வருஷமே அவருடைய இயந்திரங்களை உடைத்து நொறுக்கினார்கள். அமெரிக்காவில் எலியாஸ் ஹௌ உரிமை பெற்றது 1846-இல். ஐஸக் ஸிங்கர் பெற்றது 1851-இல். அதற்கு முன், ராஜாவின் பட்டுக் கோட்டு முதல் அடிமையின் முரட்டுச் சட்டை வரையில், உலகத்திலிருந்த ஒவ்வொரு தையலும் ஒரு மனிதக் கை இழுத்த நூல்தான்.

இந்த மோகம் வளர்வதற்குச் சில நூல்களும் சில ஸ்தலங்களும் துணை செய்தன. நோரா வா என்ற ஆங்கில அம்மையார் பழைய கச்சுகளையும் பாவாடை வளையங்களையும் பற்றி 1954-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஜேனட் ஆர்னால்டு என்னும் அம்மையார், காட்சிசாலை காட்சிசாலையாகச் சென்று, பழைய கவுன்களைப் பிரிக்காமலேயே ஒவ்வொரு துண்டையும் அளந்து படம் வரைந்து, 1964-இல் நூலாக்கினார். எந்த மடிப்பு எத்தனை அங்குலம், எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது என்பதெல்லாம் அதில் உண்டு. இன்றைக்கும் இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவர்களுக்கு அது கையிலிருந்து இறங்காத புஸ்தகம்.

அமெரிக்காவில் 1976-ஆம் ஆண்டு, சுதந்திரப் பிரகடனத்தின் இருநூறாவது வருஷ விழா வந்தது. புரட்சிக் காலத்துப் போர்களை நடித்துக் காட்ட ஊருக்கு ஊர் குழுக்கள் கிளம்பின. நடிப்பதற்கு உடை வேண்டுமே! முதலில் ஏதோ ஒரு விதமாகத் தைத்து அணிந்தவர்கள், நாளாக ஆக, "உண்மையில் எப்படி இருந்தது?" என்று கேட்கத் தொடங்கினார்கள். வர்ஜினியாவின் பழைய தலைநகரான வில்லியம்ஸ்பர்க் நகரை அதன் 18-ஆம் நூற்றாண்டு உருவத்திலேயே புதுப்பிக்கும் வேலை 1926-இலேயே ஆரம்பமாகியிருந்தது. அங்கே தையற்காரர்களும், கவுன் தைக்கும் ஸ்திரீகளும், கொல்லரும் தச்சரும் அக்கால முறைப்படியே தொழில் கற்று, வருகிறவர்கள் கண்முன் வேலை செய்கிறார்கள். பல பேர் கூடி உட்கார்ந்து ஒரே நாளில் ஒரு கவுனைக் கையால் தைத்து முடித்துக் காட்டியும் இருக்கிறார்கள்.

உள்ளிருந்து வெளியே

அக்காலத்து ஸ்திரீயின் உடையை உள்ளேயிருந்து வெளியே பார்த்துக்கொண்டு வருவோம். முதலில் உடம்பை ஒட்டி முழங்கால் வரை தொங்கும் லினன் உள்ளங்கி. அதன் வெட்டில் வளைவே கிடையாது. எல்லாம் சதுரமும் நீள்சதுரமும் முக்கோணமுந்தான். கக்கத்தில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைத்திருக்கும். வடநாட்டுக் குர்த்தாவில் வைப்பார்களே, அதுபோல. துணியில் ஒரு விரற்கடை கூட வீணாவதில்லை. கழுத்தருகே சிலுவைத் தையலில் சிறு எழுத்தும் எண்ணும் இருக்கும். அது அழகுக்காக அல்ல. சலவைக்குப் போன துணி மாறிவிடாமல் இருக்க இட்ட குறி. நம் வீட்டுச் சலவைக் குறிக்கு அது தூரத்து உறவு.

உள்ளங்கியின்மேல் விறைப்பான கச்சு. திமிங்கிலத்தின் வாயில் பல்லுக்குப் பதிலாகத் தொங்கும் நாரும் தகடுமான பொருளை மெல்லிய குச்சிகளாகக் கீறி, இரண்டு துணிகளுக்கிடையே வரிசையாகச் செருகித் தைப்பார்கள். இன்று திமிங்கில வேட்டை தடுக்கப்பட்டிருப்பதால், பொழுதுபோக்காகத் தைப்பவர்கள் பிளாஸ்டிக் குச்சியோ நாணற் குச்சியோ வைக்கிறார்கள். கச்சைப் பற்றி நெடுநாளாக ஓர் அபிப்பிராயம் உண்டு: ஸ்திரீகளை மூச்சுத் திணற வைத்த சித்திரவதைக் கருவி அது என்று. சொந்த அளவுக்குத் தைத்து அணிந்து வேலை செய்து பார்த்தவர்கள் வேறு விதமாகச் சொல்லுகிறார்கள். அளவு சரியாக இருந்தால் அது முதுகைத் தாங்குகிறது. கனமான பாவாடைகளின் பாரம் இடுப்பை அறுக்காமல் தடுக்கிறது. குனிந்து பெருக்கலாம், குடம் தூக்கலாம். 18-ஆம் நூற்றாண்டில் கச்சு அணிந்தவர்கள் சீமாட்டிகள் மட்டுமல்லர். வயலிலும் அடுப்படியிலும் உழைத்தவர்களும் அணிந்தார்கள். வேலை செய்ய முடியாத உடையை வேலைக்காரி அணிந்திருப்பாளா? இந்தக் கேள்விக்கு விடை தைத்து அணிந்தவர்களிடமிருந்துதான் கிடைத்தது.

அடுத்து, இடுப்பில் நாடாவால் கட்டிய இரண்டு பைகள். அக்காலத்துப் பெண்ணின் பை உடையோடு சேர்ந்ததல்ல, தனியாகக் கட்டிக்கொள்வது. மேலேயுள்ள பாவாடையில் பக்கவாட்டில் ஒரு பிளவு விட்டிருப்பார்கள். அதன் வழியே கையை விட்டுச் சாவியோ காசோ எடுக்கலாம். நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை நினைத்துக்கொண்டால் விளங்கிவிடும். அதற்கு மேல் ஒன்றிரண்டு பாவாடைகள். எல்லாவற்றுக்கும் மேலே, முன்புறம் திறந்திருக்கும் கவுன்.

கவுனுக்குப் பொத்தான் உண்டா? பெரும்பாலும் இல்லை. குண்டூசிதான்! ராணிமுதல் சமையற்காரி வரையில் பலரும் தினந்தோறும் கவுனைக் குண்டூசியால் குத்தியே மூடினார்கள். ஆடம் ஸ்மித் 1776-இல் வெளியிட்ட தமது பொருளாதார நூலில், பத்துப் பேர் வேலையைப் பங்கிட்டுக்கொண்டு ஒரு நாளில் 48,000 குண்டூசிகள் செய்ததை உதாரணம் காட்டுகிறார். அத்தனை குண்டூசியை யார் வாங்குவார்கள் என்று கல்லூரியில் படித்தபோது நமக்குத் தோன்றியதில்லை. ஒரு கவுனை ஒரு தரம் மாட்டிப் பார்த்தவருக்கு அந்தச் சந்தேகமே எழாது.

ஊசி கற்பித்த பாடம்

பழைய கவுனின் உட்புறத்தை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் திடுக்கிடுவார்கள். வெளியே கண்ணைப் பறிக்கும் பட்டு. உள்ளேயோ கோணலும் மாணலுமாக நீண்ட தையல்கள், பிசிறு விட்ட ஓரங்கள், ஒட்டுத் துண்டுகள். "இவ்வளவு பெரிய சீமாட்டிக்கு இப்படியா தைப்பது?" என்று தோன்றும். அதே சீமாட்டியின் உள்ளங்கியை எடுத்துப் பார்த்தாலோ, ஓரங்கள் எல்லாம் மடித்து, அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தையலாக நெருங்கி, கண்ணுக்கே தெரியாதபடி தைத்திருக்கும். மேலுக்கு அணிவது அலட்சியம், உள்ளே மறைவது அருமை! இது என்ன தலைகீழ் நியாயம்?

தைக்கத் தைக்கத்தான் இந்தப் புதிருக்கு விடை கிடைக்கிறது. உள்ளங்கி அடிக்கடி கொதிநீரில் வெந்து, காரத்தில் ஊறி, கல்லில் அடிபட வேண்டியது. அதன் தையல் கெட்டியாக இல்லாவிட்டால் இரண்டு சலவையில் கிழிந்துபோகும். பட்டுக் கவுன் சலவைக்கே போகாது. அது வேறொரு விதிக்குப் பிறந்தது: ஒரு நாள் பிரிக்கப்படுவதற்கு.

அக்காலத்தில் துணி விலை அதிகம்; தையற்கூலி சொற்பம். பட்டு, தறியில் 20 அங்குல அகலத்துக்கே நெய்யப்பட்டது. முதுகில் மடிப்பு மடிப்பாகத் தோளிலிருந்து தரைவரை விழும் பிரெஞ்சுக் கவுன் ஒன்றுக்குப் பத்து கெஜத்துக்கு மேலேயே வேண்டும். அத்தனை விலையுள்ள துணியைக் கத்திரியால் துண்டாடுவதற்குக் கை வருமா? ஆகவே, வெட்டாமல் கொசுவி மடித்தே உருவம் கொடுத்தார்கள். நாகரிகம் மாறியதும் தையலைப் பிரித்து, மடிப்பை அவிழ்த்து, அதே துணியைப் புதுக் கவுனாக்கினார்கள். பிரிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்றுதான் தையலும் நீளமாக இருந்தது. அது அலட்சியமல்ல, முன்யோசனை.

லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்ற நெசவாளர் பேட்டைக்குப் பட்டுக் கோலங்கள் எழுதிக் கொடுத்தவர் அன்னா மரியா கார்த்வெயிட் என்ற அம்மையார். அவருடைய தேதியிட்ட சித்திரங்கள் பல விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையில் இருக்கின்றன. அதனால் ஒரு பட்டு எந்த வருஷத்துக் கோலம் என்று சொல்ல முடிகிறது. 1740-களில் நெய்த பட்டு, 1770-களின் மோஸ்தரில் தைத்த கவுனாக இருப்பதைப் பல இடங்களில் காண்கிறோம். தாயின் கூறைப்புடவையைப் பெண்ணுக்குப் பாவாடையாகத் தைத்துப் போடும் நம் வீட்டுச் சிக்கனம் அந்தச் சீமாட்டிகளுக்கும் தெரிந்தே இருந்தது.

அளவெடுத்ததும் வேறு விதந்தான். அங்குலக் கோடிட்ட நாடா அன்று தையற்காரரிடம் இல்லை. நீளமான காகிதத் துண்டு ஒன்றை மார்பிலும் தோளிலும் வைத்து, ஒவ்வோர் அளவுக்கும் ஒரு சிறு வெட்டு வெட்டிக்கொள்வார். ஒரு மனிதரின் முழு உருவமும் அந்த ஒரு காகிதத்தில் அடங்கிவிடும். கவுன் தைக்கும் பெண்ணோ அதுவும் இல்லாமல், வந்தவளை நிற்க வைத்துத் துணியை உடம்பின்மேலேயே போர்த்தி, குண்டூசி குத்தி, அங்கேயே வெட்டிவிடுவாள். பாரிஸில் 1675 வரையில் தையற்காரர் சங்கத்தில் ஆண்களுக்கே உரிமை. அந்த வருஷத்தில்தான் பதினான்காம் லூயி மன்னர், பெண்களும் தங்களுக்கென ஒரு சங்கம் வைத்துப் பெண்களுக்குத் தைக்கலாம் என்று அநுமதித்தார். அப்போதும் கச்சு தைக்கும் வேலையை ஆண்கள் விட்டுக்கொடுக்கவில்லை!

இவற்றையெல்லாம் ஒருவர் புஸ்தகத்தில் படித்தும் தெரிந்துகொள்ளலாம். ஆனால் தேன்மெழுகு தடவிய நூலைக் கோத்து, விரல் நுனி கன்றிப்போகும்வரை தைத்துப் பார்த்த பிறகு, "ஒரு சட்டை" என்ற சொல்லின் பொருளே மாறிவிடுகிறது. சட்டை என்பது கடையில் தொங்குவதல்ல. ஒருவருடைய வாழ்நாளில் இத்தனை மணி நேரம்.

யாருடைய கை?

இந்த இடத்தில் ஒரு கஷ்டமான கேள்வி எழுகிறது. அந்த மணி நேரங்கள் யாருடையவை? வர்ஜினியாவின் தோட்ட முதலாளிகள் வீட்டில் சட்டைகளைத் தைத்தவர்களில் அடிமைப் பெண்களும் இருந்தார்கள். அவர்கள் தைத்தது பிறருக்கு மென்மையான லினன். தங்களுக்குக் கிடைத்தது முரட்டுத் துணி. சீமாட்டியின் கவுனை மட்டும் தைத்து அழகு பார்த்தால் சரித்திரத்தில் பாதியை மறைத்தவர்களாவோம் என்பதை உணர்ந்து, அடிமைகளின் உடையையும் ஏழை உழைப்பாளிகளின் உடையையும் அதே சிரத்தையோடு தைப்பவர்கள் இன்று இருக்கிறார்கள். அணிந்துகொண்டு நின்று அந்தக் கதையையும் சொல்லுகிறார்கள்.

ஏழைகள் என்ன உடுத்தார்கள் என்று தெரிவது எப்படி? பணக்காரர் உடை பெட்டியில் இருக்கும். ஏழையின் உடை கந்தலாகி மறைந்துவிடும். இதற்கு விடை தந்தது லண்டனிலிருந்த ஓர் அநாதைக் குழந்தைகள் விடுதி. 1741-இல் அது திறக்கப்பட்டது. வளர்க்க வழியில்லாத தாய்மார்கள் குழந்தையை ஒப்படைக்கும்போது, பின்னால் அடையாளம் கண்டுகொள்வதற்காக ஒரு சிறு துணித் துண்டைப் பதிவுத்தாளுடன் சேர்த்துக் குத்தி வைப்பார்கள். பெரும்பாலும் தாயின் உடையிலிருந்தோ குழந்தையின் உடையிலிருந்தோ வெட்டிய துண்டு. அப்படிச் சேர்ந்தவை சுமார் 5,000. சாமானியர்களின் 18-ஆம் நூற்றாண்டுத் துணிகளில் இவ்வளவு பெரிய சேகரம் பிரிட்டனில் வேறெங்கும் கிடையாது. பூ அச்சிட்ட பருத்தி, கோடு போட்ட லினன், ஒரு விரல் அகல ரிப்பன் என்று வர்ணம் மங்காமல் இருக்கின்றன. 1767-இல் ஒரு தாய், ஒட்டுத்துணிகளாலான சிறு துண்டு ஒன்றில் இருதயத்தின் உருவத்தைத் தைத்து, அதை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் குழந்தையுடன் விட்டுச் சென்றாள். எட்டு வருஷங்களுக்குப் பிறகு, 1775-இல், மற்றொரு பாதியைக் காட்டித் தன் மகனைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். அவ்வாறு திரும்பி வந்தவர்கள் மிகச் சிலரே. மற்றத் துண்டுகள் இன்றும் அந்தத் தாள்களிலேயே இருக்கின்றன. ஒரு பழைய பூப்போட்ட துணியைப் பார்த்து அதேபோல் தைக்க விரும்புகிறவர், முதலில் அந்தத் தாளின் முன் தலை குனிந்துவிட்டுத்தான் ஊசியை எடுக்க வேண்டும்.

துணிக்கும் தேசத்துக்கும் உள்ள சம்பந்தமும் இந்த நூற்றாண்டிலேயே வெளிப்பட்டது. அமெரிக்கக் குடியேற்றங்கள்மேல் பிரிட்டன் வரி விதித்தபோது, ஜனங்கள் பிரிட்டிஷ் சாமான்களைப் பகிஷ்கரித்தார்கள். 1768, 1769-ஆம் ஆண்டுகளில் நியூ இங்கிலாந்தின் ஊர்களில் பெண்கள் பாதிரிமார் வீடுகளில் ராட்டைகளோடு கூடி, நாள் முழுதும் நூல் நூற்றார்கள். வீட்டில் நூற்ற முரட்டுத் துணியை அணிவது கௌரவமாயிற்று. நம் நாட்டில் காந்தியடிகள் ராட்டையைக் கையில் எடுப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னரே, அதே சாம்ராஜ்யத்துக்கு எதிராக அதே ராட்டை சுழன்றிருக்கிறது!

கப்பலேறிய சீட்டித் துணி

இனி, நமக்கே உரிய ஒரு பங்குக்கு வருவோம். அந்த நூற்றாண்டின் உடைகளில் மிகவும் ஆசைப்படப்பட்ட துணிகளுள் ஒன்று, பட்டல்ல, பருத்தி. நாம் சீட்டி என்கிறோமே, அந்தத் துணி. மசூலிப்பட்டினம் முதல் நாகப்பட்டினம் வரையிலான சோழமண்டலக் கரையில், கையால் எழுதிச் சாயமேற்றிய சீட்டி, டச்சு, ஆங்கில, பிரெஞ்சுக் கப்பல்களில் ஏறி ஐரோப்பா சென்றது. அங்கேயும் சாயத் துணி உண்டு. ஆனால் துவைத்தால் வர்ணம் போய்விடும். நம் துணியோ துவைக்கத் துவைக்கப் பிரகாசித்தது. கனவான்கள் வீட்டில் தளர்வாக அணியும் அங்கியாகவும் அதைத் தைத்துக்கொண்டார்கள். அந்த அங்கிக்கு, குஜராத்தி வணிகர்களைக் குறித்த சொல்லிலிருந்து, "பனியன்" என்று பெயர் வந்தது. நாம் சட்டைக்குள் அணிவதற்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

உள்ளூர் நெசவாளர்கள் இதைப் பொறுக்கவில்லை. பிரான்ஸ் 1686-இல் சீட்டியைத் தடை செய்தது. 1759 வரை அத்தடை நீடித்தது. இங்கிலாந்து 1700-இல் இறக்குமதிக்கு ஒரு சட்டமும், 1720-இல் அணிவதற்கே ஒரு சட்டமும் செய்தது. 1719-இல் லண்டன் வீதிகளில், சீட்டி அணிந்து சென்ற பெண்களை நெசவாளர் கூட்டங்கள் துரத்தி உடையைக் கிழித்தன. 1774-இல் சட்டம் தளர்ந்தபோது, பிரிட்டனிலேயே நெய்து அச்சிட்ட பருத்திக்குத்தான் அந்தச் சலுகை. ஆகவே, இன்று 1730-ஆம் வருஷத்து ஆங்கில மாதுபோல உடுத்த விரும்பும் ஒருவர் சீட்டிக் கவுன் தைத்தால், "அம்மணி, நீங்கள் சட்டத்தை மீறியவராயிற்றே!" என்று தோழிகள் கேலி செய்ய இடமுண்டு. ஹாலந்தில் தடை இல்லை. அதனால் அங்கே ஃப்ரீஸ்லாந்துப் பிரதேசத்துப் பெண்களின் சீட்டிச் சட்டைகள் ஏராளமாகத் தப்பிப் பிழைத்து, லேவார்டன் நகரத்துக் காட்சிசாலையில் இருக்கின்றன.

அந்தச் சாயத்தின் ரகசியத்தை அறிய ஐரோப்பியர் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1734-ஆம் ஆண்டு வாக்கில் போலியே என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, புதுச்சேரியில் ஒரு துணி சாயம் ஏறுவதைப் பக்கத்திலிருந்து பார்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டு வெட்டி எடுத்துக் குறிப்புகளோடு கொண்டு சென்றார். கேர்தூ என்ற ஜெசூட் பாதிரியார், தம்மிடம் கிறிஸ்தவரான சாயக்காரர்களைக் கேட்டறிந்து, 1742-இல் விவரமான கடிதம் ஒன்று எழுதினார். கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியை ஊறவைப்பது. ஊசியால் துளையிட்ட காகிதத்தின்மேல் கரித்தூள் தட்டிக் கோலம் பதிப்பது. இரும்பு ஊறிய நீரால் கறுப்புக் கோடு எழுதுவது. நீலம் வேண்டாத இடத்தையெல்லாம் மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்குவது. சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீர் தடவிச் சாயவேரோடு கொதிக்க வைப்பது. வெயிலில் விரித்து நீர் தெளித்து வெளுப்பது. கடைசியில் நீலத்தின்மேல் மஞ்சள் பூசிப் பச்சையாக்குவது என்று முறைகள் நீண்டுகொண்டே போகின்றன. மஞ்சள் மட்டும் நாளடைவில் மங்கிவிடும். அதனால்தான் காட்சிசாலைச் சீட்டிகளில் இலைகள் பச்சையாக இல்லாமல் நீலமாகத் தோன்றுகின்றன.

கடிதங்கள் வெளியாயின. 1760-இல் ஓபர்காம்ப் என்பவர் பாரிஸுக்கு அருகே ழூயி என்னும் ஊரில் துணி அச்சடிக்கும் சாலை தொடங்கினார். மான்செஸ்டரில் இயந்திரங்கள் சுழன்றன. பிறகு நடந்ததை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. கப்பல்கள் துணியை இங்கிருந்து கொண்டு போவது நின்று, இங்கே கொண்டு வருவது ஆரம்பமாயிற்று. எழுதுகோல் பிடித்த விரல்கள் வேறு வேலை தேடிப் போயின.

கைவிட்டால் போய்விடும்

அந்தப் பொழுதுபோக்குக்காரர்களின் கதையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கைவேலை என்பது புஸ்தகத்தில் வாழ்வதல்ல. ஒரு தலைமுறை செய்யாமல் விட்டால் போதும். அடுத்த தலைமுறைக்கு அது புதிராகிவிடும். 18-ஆம் நூற்றாண்டுக் கவுனை எப்படித் தைத்தார்கள் என்று அந்தக் காலத்துச் சிறுமிக்கும் தெரியும். இருநூறு வருஷங்களுக்குப் பிறகு வந்த பண்டிதர்களுக்குத் தெரியவில்லை. காட்சிசாலைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த உடையைப் பார்த்து, ஒரு தையலைப் போடுவதும் தவறென்று கண்டு பிரிப்பதும் மறுபடி போடுவதுமாக, சாதாரண மனிதர்கள் தங்கள் ஓய்வு நேரத்தைச் செலவிட்டு அதை மீட்டிருக்கிறார்கள். உடையின் வெளித்துணி, உள்துணி இரண்டின் ஓரங்களையும் உள்நோக்கி மடித்து ஒரே ஓட்டத்தில் இணைக்கும் தையல் முறையைக்கூட, பழைய நூல்களையும் பழைய உடைகளையும் ஒப்பிட்டுத் தைத்துப் பார்த்தே திரும்பக் கற்றார்கள்.

அவர்கள் தைக்கும் கவுன் எல்லா விதத்திலும் அக்காலத்துக் கவுன்தான்; ஒன்றைத் தவிர. அவர்கள் வாங்கும் சீட்டி பெரும்பாலும் இயந்திரத்தில் அச்சடித்த நகல். தையலை மீட்டுவிட்டார்கள், துணியை மீட்பது அவர்களால் ஆகிற காரியமல்ல. அது இந்தக் கரையில் பிறந்த வித்தை.

வித்தை அடியோடு அழிந்துவிடவில்லை. தஞ்சை மராட்டிய அரசவைக்குத் துணி தந்த கருப்பூர் மரபில் வந்த கலம்காரிக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோயில் விதானமும் தொம்பையும் எழுதும் குடும்பங்கள் தஞ்சை வட்டாரத்தில் சில இருக்கின்றன. சில என்பதுதான் கவலை. குறியீடு பெயரைக் காப்பாற்றும். கையைக் காப்பாற்றுவது கற்றுக்கொள்ள வருகிற பிள்ளையும், வாங்கி உடுத்துகிற வீடுமே.

ஆகையால், நம் பெண்களும் பிள்ளைகளும் வெள்ளைக்காரச் சீமாட்டியின் கவுனைத் தைக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் தம் முன்னோரின் உடைக்குச் செய்ததை நாம் நம் முன்னோரின் துணிக்குச் செய்யலாமே என்பதுதான் விஷயம். பெட்டியின் அடியில் பாட்டியின் புடவை ஒன்று இருந்தால், அதை எடுத்து விரித்துப் பாருங்கள். ஓரம் எப்படி மடித்திருக்கிறது, கிழிசலை எப்படி இழையோட்டியிருக்கிறது, சாயம் எங்கே மங்கியிருக்கிறது என்று குழந்தைகளுக்குக் காட்டுங்கள். ஓர் ஊசியும் கொஞ்சம் நூலும் அவர்கள் கையில் கொடுத்து, அதேபோல ஒரு சாண் தைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் சாண் கோணலாகத்தான் வரும். வரட்டும், பிரித்து மறுபடி தைக்கலாம்.